மதுரைக்கு ஜவுளி எடுக்க

புரட்டாசி பிறந்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. அடுக்கி வைத்த பாத்திரங்களை இறக்கி மறுபடி அடுக்குவேன். மகள் இருமினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் தட்டில் மிச்சம் வைத்த சோற்றைப் பார்த்து, நேற்றும் இவ்வளவு மிச்சம் வைத்தாளா என்று யோசிப்பேன். வைத்திருந்தால் பயம் வரும். வைக்கவில்லை என்றால், இன்று மட்டும் ஏன் என்று வேறொரு பயம் வரும். அந்த மாதத்தில்தான் அவளை வருடாந்திரப் பரிசோதனைக்காக மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

அவளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய ஒரு நாள், இடது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. மலச்சிக்கல் என்று இரண்டு நாள் கஷாயம் கொடுத்தோம். பிறகு விருதுநகர் டாக்டர் மதுரைக்கு அனுப்பினார், மதுரையில் சென்னைக்கு அனுப்பினார்கள். சிறுநீரகத்தில் வந்த புற்றுக்கட்டி. கட்டியோடு அந்தச் சிறுநீரகத்தையும் எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். என் அண்ணன் வீட்டில் தங்கித்தான் எல்லாம் நடந்தது. பிழைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. சென்னைக்காரர்களே மதுரையில் ஒரு டாக்டரம்மாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம். ஏற்றிய மருந்தில் ஒன்று இதயத்தைத் தொடக்கூடியது என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை இதயத்துக்கும் ஒரு ஸ்கேன். "இனிமே வராதுல்ல டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "நல்லா இருக்கா. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்பார். நல்லா இருக்கிறவளை எதற்கு அடுத்த வருடமும் கூட்டி வரச் சொல்கிறார் என்று பஸ்ஸில் திருமங்கலம் வரும்வரை யோசித்துக்கொண்டு வருவேன்.

ஊரில் யாருக்கும் இது தெரியாது. சென்னைக்குப் போனது அண்ணியின் பிரசவத்துக்கு உதவ என்று சொல்லியிருந்தோம். மருந்தில் முடி கொட்டிய தலையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியபோது, தெருவில் அத்தனை பேரும் "எந்தக் கோயில்ல மொட்டை போட்டீக?" என்றுதான் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வயதுக் குழந்தை மொட்டைத் தலையோடு இருந்தால் வேறு எதையும் யாரும் நினைக்கமாட்டார்கள். நானும் ஒரு கோயிலின் பேரைச் சொன்னேன்.

பொம்பளப் பிள்ளை, நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் நூறு விசாரிப்பார்கள் என்றார் என் கணவர். நான் பி.காம். படித்தவள். அந்த வியாதி ஒட்டாது, பரம்பரையாக வருவதும் அபூர்வம் என்று டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் புரிந்ததை எங்கள் தெருவுக்குப் புரியவைக்க முடியும் என்று தோன்றவில்லை. அதனால் நானும் சரி என்றேன்.

இப்படித்தான் ஒவ்வொரு பரிசோதனையும் ஜவுளி எடுக்கப் போகிற பயணமாக மாறியது. மதுரைக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் எங்கள் ஊரில் சந்தேகமில்லாத ஒரே பதில் அதுதான். சொன்னதற்காகத் திரும்பும்போது கையில் ஒரு கடைப் பை இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன காலத்தில் மகளின் பாவாடைகளை வைக்க பீரோவில் இடமில்லை. எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஒன் புருஷன் பட்டாசுக் கம்பெனில வேலை பாக்காரா, இல்ல ஜவுளிக் கடையில பங்கு வச்சிருக்காரா?" என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருடம் அந்த அக்காவால்தான் எல்லாம் மாறிப்போனது.

எப்போதும் கணவர் கூட வருவார். அந்த முறை தீபாவளி சீக்கிரமே வந்துவிட்டது. அவர் சிவகாசியில் ஒரு கம்பெனியில் லோடு அனுப்புகிற வேலையில் இருந்தார். சீசனில் லாரிக்காரர்கள் ராத்திரி பகல் பார்க்கமாட்டார்கள். தேதியைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டார். டாக்டரம்மா அந்த ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரு புதன்கிழமைதான் வருவார், அதுவும் மதியம் வரைக்கும்தான். தள்ளினால் ஒரு மாதம் தள்ளிப்போகும். அந்த ஒரு மாதத்தில் என்னென்ன வளரும் என்று என் மனது கணக்குப் போட ஆரம்பித்தது. "நான் தனியாப் போயிட்டு வாரேன்" என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் வாசலில் கோலப்பொடி வாங்கிக்கொண்டு நிற்கையில் எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருக்கியாம்ல. எங்கன பயணம்?"

"மதுரைக்குத்தான் அக்கா. தீவாளி ஜவுளி."

"ஒத்தையிலயா? ஏம் புள்ள, எதுத்தாப்புல ஒருத்தி இருக்கேன்னு நெனப்பு வேண்டாமா ஒனக்கு? எனக்கும் நாத்தனார் மகளுக்கு ஒரு சேலை எடுக்கணும். காலையில எத்தன மணி பஸ்ஸு?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். ஜவுளி எடுக்கப் போகிறவள் எதிர்வீட்டுக்காரியைக் கூட வராதே என்று சொல்ல எங்கள் ஊரில் எந்தக் காரணமும் கிடையாது. அது சண்டையில்தான் முடியும். பஸ் நேரத்தைச் சொன்னேன்.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும், நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டும். மகளுக்கு இது பழக்கம். வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன். டாக்டரிடம் போவதை வெளியில் சொன்னால் பிள்ளைகள் கேலி செய்யும் என்றும் சொல்லி வைத்திருந்தேன். பஸ் கள்ளிக்குடி தாண்டியதும் அக்கா தூக்குவாளியைத் திறந்தாள். இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. ஒன்றைப் பிய்த்து மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

"பசிக்கல பெரியம்மா. வீட்டுலயே தோசை தின்னுட்டேன்" என்றாள் மகள். என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"எத்தன தோசை?"

"மூணு. ஒண்ணு முட்டை போட்டது."

அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளி, இட்லியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முட்டை போட்டது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே சேர்த்துக்கொண்டது.

மதுரையில் இறங்கியதிலிருந்து நான் போட்ட திட்டம் ஒன்றும் நடக்கவில்லை. விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் அக்காவை உட்காரவைத்துவிட்டு, பிள்ளைக்குச் செருப்பு எடுத்து வருகிறேன் என்று ஆட்டோவில் ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"செருப்பா? இரு, நானும் வாரேன். ஒனக்கு வெல பேசத் தெரியாது. சொன்ன வெலயக் குடுத்துட்டு நன்றி வேற சொல்லிட்டு வருவ."

"நீங்க சேலை பாருங்க அக்கா. கூட்டம் வந்துரும்."

"வந்தா வரட்டும். சேலை எங்க ஓடிப்போயிரும்?"

கடைக்காரர் சேலைகளை விரித்துக்கொண்டே இருந்தார். அக்கா ஒவ்வொன்றின் முந்தியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. மகள் ஒரு காலை மற்றொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றாள். என் சேலை நுனியை இழுத்து, "அம்மா, முட்டுது" என்றாள் மெதுவாக. இன்னும் கொஞ்ச நேரம் என்று கண்ணால் சொன்னேன். தலைவலிக்கிறது, மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லலாமா? அதற்கும் அக்கா கூட வருவாள். சொந்தக்காரர் வீடு என்று சொன்னால் எந்தச் சொந்தம் என்பாள். பேசாமல் அடுத்த மாதமே போய்க்கொள்ளலாமா? அப்படி நினைத்த உடனே அந்த நினைப்பின் மேல் எனக்கே கோபம் வந்தது. இவள் உயிருக்காகத்தானே வந்திருக்கிறோம், சேலைக்கா வந்தோம்? ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா மகளைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, புள்ள நெளியுது, நீ பாட்டுக்கு ஒக்காந்திருக்க. வாடி தங்கம், மாடியில இருக்கும்."

நான் எழுவதற்குள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியேறிவிட்டாள். பின்னால் ஓடினேன். மாடியில் கழிப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. மகள் பாவாடை நனையாமலிருக்க அதை மார்புவரை சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா தண்ணீர்ச் சொம்போடு குனிந்து நின்றவள், நிமிரவில்லை. வயிற்றின் குறுக்கே, விலாவிலிருந்து தொப்புளுக்கு அந்தப் பக்கம் வரை போகிற தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னடி?"

"சின்னப் புள்ளையில கீழ விழுந்துட்டேன் பெரியம்மா. கண்ணாடி குத்திருச்சு."

அக்கா மகளின் உடையைச் சரி செய்து, கையைக் கழுவிவிட்டு வெளியே கூட்டி வந்தாள். என்னிடம், "கண்ணாடி குத்துனதுக்கு இம்புட்டு நேரா தச்சிருக்காகளோ?" என்றாள். "எனக்கு ரெண்டும் ஆபரேசன் பண்ணி எடுத்த புள்ளைக. கத்தி வச்ச தழும்பு எனக்குத் தெரியாதா?"

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகணும். டாக்டர் மதியத்தோட போயிருவாங்க" என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன். அந்த ஆஸ்பத்திரி எதற்கானது என்று மதுரையைச் சுற்றி எல்லோருக்கும் தெரியும். அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"புள்ள சாப்பிட்டுச்சா?"

"இல்ல."

"மூணு தோசைன்னு சொல்லுச்சு."

"இல்லக்கா."

"நீ என்ன கோட்டிக்காரியா? வெறும் வயித்தோட புள்ளயக் கொண்டாந்து சேலைக்கடையில நிறுத்திட்டு, நான் முந்தி பாக்கதை வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்க. ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன ஒன்னக் கடிச்சா தின்னுருவேன்?" என்றவள் படியில் இறங்கிக்கொண்டே கடைக்காரரிடம், "அண்ணாச்சி, மடிச்சு வைங்க, வாரோம்" என்றாள். வரமாட்டோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆட்டோ தெற்குமாசி வீதி நெரிசலில் நின்று நின்று போனது. மகளுக்கு மறுபடி தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தேன். அடக்கி வைத்ததெல்லாம் போய்விட்டதே, ஸ்கேன் எடுப்பார்களா என்ற கவலை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மூன்று பேரும் ஓடினோம். லிப்ட் வேலை செய்யவில்லை. மாடிப்படி முழுவதும் மகள்தான் எங்களுக்கு முன்னால் ஓடினாள்.

டாக்டரம்மா கிளம்ப எழுந்துவிட்டிருந்தார். எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். நர்ஸ் மகளின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். டாக்டரம்மா தானே ஒரு முறை பார்த்தார்.

"கொஞ்சம் கூட இருக்கே."

மிச்சமிருக்கிற ஒரு சிறுநீரகத்தில் குறை வந்தால் முதலில் ரத்த அழுத்தத்தில்தான் தெரியும் என்று அவர் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார்.

"ஓடி வந்ததனாலயும் இருக்கலாம். ஸ்கேனும் யூரினும் இன்னைக்கே பார்த்துருவோம். பிரஷர் மட்டும் அடுத்த மாசம் மறுபடி பார்க்கணும். இப்படி மூச்சு வாங்க வரக்கூடாது. முன்னாடியே வந்து அமைதியா உட்காரணும்" என்றவர், மகளைப் படுக்க வைத்துத் தழும்பை ஒட்டி அழுத்திப் பார்த்துக்கொண்டே அவளிடம் கேட்டார். "இது எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா பாப்பா?"

"கண்ணாடி குத்திருச்சு டாக்டர்."

அவர் கையை எடுத்தார். என்னிடம், "இன்னும் சொல்லலையா?" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இவ பெரியவளாகி வேற ஊர்ல இருப்பா. காய்ச்சல், தலைவலின்னு எந்த டாக்டர்கிட்டப் போனாலும் எனக்கு ஒரு கிட்னிதான், சின்ன வயசுல இன்ன மருந்து ஏத்தியிருக்குன்னு முதல்ல சொல்லணும். வலி மாத்திரையைக் கூடக் கேட்டுத்தான் போடணும். நாளைக்கு இவ மாசமா இருக்கும்போது நெஞ்சையும் பிரஷரையும் பார்க்கணும். அங்கெல்லாம் நீங்க கூடவே போவீங்களா? கண்ணாடி குத்துச்சுன்னு சொன்னா அந்த டாக்டர் என்னத்தைப் பார்ப்பாரு?"

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரு பக்கமும் முடியில்லாத பிள்ளைகள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் என்னிடம், "மொட்டை போட்டோம்னு சொன்னீகளே, அது இதுதானா?" என்றாள். தலையாட்டினேன். சேலை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஸ்கேனுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து எடுத்தோம். சுத்தமாக இருந்தது. சிறுநீரிலும் ஒன்றுமில்லை. மகள் தூக்குவாளியில் மிச்சமிருந்த இட்லிகள் அத்தனையையும் தின்றாள்.

பஸ்ஸில் அக்கா, "நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்று ஒருமுறை சொன்னாள். நம்பலாமா? நம்பாமல் என்ன செய்ய முடியும்? அவளுக்கு நாத்தனார்கள் நாலு பேர், தெருவில் பாதிப் பேர் வீட்டில் செல்போன் வந்திருந்தது. விருதுநகர் வரும்வரை அவள் மனதில் என்ன ஓடுகிறது என்றே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கணவர் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையில் அலுமினியப் பொடி மினுங்க, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "எதுத்த வீட்டுக்குத் தெரிஞ்சா சாத்தூர் வரைக்கும் தெரிஞ்ச மாதிரி" என்றார். பிறகு, "பிரஷர் எம்புட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். அதை அன்றைக்கு நாலைந்து முறை கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை உட்காரவைத்துச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். சொல்லும்போது அதில் ஒன்றும் ஞாபகமில்லை. உன் வயிற்றில் ஒரு கெட்ட கட்டி இருந்தது, கிட்னியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள், இப்போது உனக்கு ஒன்றுதான், அது போதும் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"எடுத்த கிட்னி எங்க?"

"தெரியலடா."

"ஆஸ்பத்திரில வச்சிருக்காகளா?"

"இருக்காது."

"கேக்கவே இல்லையா நீ?" என்றாள், ஏதோ கடையில் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தவளைக் கேட்பதுபோல. பிறகு, "அப்ப பூச்சி?" என்றாள். பூச்சி இல்லை என்றேன். "கண்ணாடியும் இல்லையா?" இல்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கமுடியாமல் அடுப்பைப் பார்க்க எழுந்துபோனேன்.

நான் அக்காவின் வாயையே கவனித்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசினால் போதும், அது எங்களைப் பற்றித்தான் என்று தோன்றும். ஆனால் அக்கா ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொன்னது என் மகள். வகுப்பில் டீச்சர் உடலின் உறுப்புகளைப் பற்றிப் பாடம் நடத்தி, எல்லோருக்கும் இரண்டு சிறுநீரகம் என்றிருக்கிறார். இவள் எழுந்து நின்று, "எனக்கு ஒண்ணுதான் டீச்சர்" என்று சொல்லி, நம்பாத பிள்ளைகளுக்கு இடைவேளையில் தழும்பையும் காட்டியிருக்கிறாள். அந்த வாரமே மளிகைக் கடையில் முன்பின் பழக்கமில்லாத ஓர் அம்மா என்னிடம், "ஒங்க மகளுக்கு ஒத்தக் கிட்னியாமே? எம் மகன் தனக்கும் ஒண்ணு எடுக்கணும்னு ஒரே அழுகை" என்றாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர், "இனிமே துணி எடுக்காமப் போயிட்டு வரலாம்" என்றார். கோபத்தில் சொன்னாரா, வேடிக்கைக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் சிலர் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். கொலுவுக்கு வழக்கமாக அழைக்கிற ஒரு வீட்டிலிருந்து அந்த வருடம் அழைப்பு வரவில்லை. மறந்திருக்கலாம். மறக்காமலும் இருந்திருக்கலாம்.

அடுத்த மாதம் வரும்வரை நான் மகள் குடிக்கிற தண்ணீரையும், அவளுக்குத் தலைவலிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதிகம் கேட்டால் பயந்துவிடுவாளோ, கேட்காவிட்டால் சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்று இரண்டு பக்கமும் இழுத்தது.

அந்தப் புதன்கிழமை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டோம். தீபாவளி முடிந்து கம்பெனியில் லோடு ஓய்ந்திருந்ததால் கணவரும் வந்தார். அப்போதுதான் ஆஸ்பத்திரி வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் பெஞ்சில் பக்கத்திலிருந்த ஒரு பெரியவரிடம் தன் கிட்னிக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நான் திருத்த வாயெடுத்தபோது, "நான்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள். ஓடாமல், பேசாமல் ஒரு கால் மணி நேரம் இருக்கச் சொல்லி நர்ஸ் அவளை உள்ளே உட்காரவைத்தாள். பிறகு பட்டையைச் சுற்றினாள்.

டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நார்மல். போன தடவை ஓடி வந்ததுதான். அடுத்த வருஷம் வந்தாப் போதும்."

கணவர் எழுந்துவிட்டார். மகளும் எழுந்து செருப்பை மாட்டினாள். நான் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"டாக்டர், இன்னொரு தடவை பாத்துருங்களேன்" என்றேன்.

அவர் மகளை உட்காரச் சொல்லி, மறுபடி பட்டையைச் சுற்றினார்.